ஒன்பதாம் வகுப்பில் "என்னவா ஆகப்போறீங்க?"ன்னு கேட்டா நாலே பதில் – வகுப்பறையில் என்ன செய்யலாம்?

சேரன்மாதேவி டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. பத்தாவதோடு எங்கள் பள்ளி முடிந்துவிடும், பிள்ளைகள் ப்ளஸ் ஒன்னுக்கு வேறு பள்ளிக்குப் போக வேண்டும். அதனால் எந்த குரூப், பாலிடெக்னிக்கா, ஐ.டி.ஐ.யா என்ற முடிவு எங்கள் கையில் இருக்கும்போதே எடுக்கப்படுகிறது. ஒன்பதில் 38 பேர். வாரத்துக்கு ஒரு பீரியடு, 40 நிமிடம் கிடைக்கிறது.

என்ன ஆகப்போறீங்க என்றால் போலீஸ், டீச்சர், நர்ஸ், கலெக்டர். பையன்களில் சிலர் "வெளிநாடு" என்கிறார்கள், அங்கே என்ன வேலை என்றால் தெரியவில்லை. வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா கொத்தனார் அல்லது வாழைத் தோட்டத்தில் கூலி. படித்த உறவினர் என்று காட்ட ஆள் குறைவு.

மூன்று சந்தேகம். இந்த நாலு பதிலைத் தாண்டி எப்படிக் கொண்டுபோவது? இணையத்தில் கிடைக்கும் ஆர்வத் தேர்வுகளை நம்பலாமா? வெளியிலிருந்து ஆட்களை அழைத்தால் சொற்பொழிவாகப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

---

பொருநைக்காரன் பதில்:

டீச்சர், "என்ன ஆகப்போறே"ங்கிற கேள்வியையே கொஞ்ச நாள் மூட்டைகட்டி வைங்க. பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், அதைத்தான் சொல்லுதாங்க. சினிமாவுல வாறதும், பள்ளிக்கூடத்துலயும் ஆஸ்பத்திரியிலயும் நேர்ல பாக்குறதும்தான் பட்டியல். முதல்ல சோலியைக் காட்டணும், ஆசை அப்புறம் வரும்.

ஒரு பொருளை எடுத்துக்கிட்டு அதுக்குப் பின்னால நிக்குற ஆட்களைத் தேடச் சொல்லுங்க. நம்ம பக்கத்துக்குக் காற்றாலையைவிட நல்ல பொருள் கிடையாது. நாகர்கோவில் பஸ்ல போன எந்தப் பிள்ளையும் பணகுடி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வரைக்கும் பாத்திருக்கும். ஆனா "அது சுத்துது, கரண்ட் வருது" அவ்வளவுதான் தெரியும்.

போர்டுல நாலு கட்டம் போடுங்க: நிக்கதுக்கு முன்னால, தூக்கி நிறுத்தும்போது, சுத்தும்போது, பழுதானா. ஆறு ஆறு பேரா உக்காந்து கட்டத்துக்கு அஞ்சு ஆளாவது எழுதணும். ஒரு விதி ரொம்ப முக்கியம்: "இன்ஜினியர், மேனேஜர், ஆபீசர்" மூணு வார்த்தையும் தடை. கையால என்ன செய்யுதார்னுதான் எழுதணும். இந்தத் தடை இல்லேன்னா எல்லாக் கட்டத்துலயும் இன்ஜினியர்னு எழுதி அஞ்சு நிமிசத்துல பேனாவை வச்சிருவாங்க.

உங்க கையில ஒரு பட்டியல் இருக்கட்டும், திணறுற குழுவுக்குத் துண்டுச்சீட்டாக் கொடுக்கலாம். முதல் கட்டத்துல நிலம் அளக்குற சர்வேயர், பத்திரம் எழுதுறவர், வில்லங்கம் பாக்குற வக்கீல், மண்ணைத் தோண்டிச் சோதிக்கிறவர், வருசம் பூரா காத்து வேகத்தைப் பதிஞ்சு கணக்குப் போடுறவர். தூக்கி நிறுத்தும்போது அஸ்திவாரத்துக்குக் கம்பி கட்டுறவர், இறக்கையை ஏத்திட்டு வாற நீளமான டிரெய்லரை ஓட்டுறவர், அதுக்கு முன்னால வேற வண்டியில போயி மரக்கிளை, கரண்ட் கம்பி, திருப்பமெல்லாம் பாத்துச் சொல்லுறவர், கிரேன் ஆபரேட்டர், பாரத்துக்குக் கயிறு மாட்டிக் கைச்சைகை காட்டுற ரிக்கர். சுத்தும்போது கோபுரத்து உள்ளே ஏணியில ஏறிப் பராமரிக்கிற டெக்னீசியன், திரையைப் பாத்து எந்த ஆலை நின்னுருக்குன்னு சொல்லுறவர், துணைமின் நிலையத்துல ஷிப்ட் பாக்குறவர், யூனிட் கணக்கைச் சரிபாக்குற அக்கவுண்டன்ட். பழுதானா இறக்கை விரிசலை ஃபைபர் துணியும் ரெசினும் வச்சு அடைக்கிறவர், கியர்பாக்ஸ் ஆள், சேதத்தை மதிப்புப் போடுற இன்சூரன்ஸ் சர்வேயர். இதுல எட்டாங்கிளாஸ் படிச்சவரும் உண்டு, சட்டம் படிச்சவரும் உண்டு. அதுதான் இந்தப் பயிற்சியோட லாபம்.

அடுத்த வாரம் ஒவ்வொருத்தரும் இதுவரை கேள்விப்படாத ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து நாலு விசயம் கண்டுபிடிக்கணும். எங்க கத்துக்கிட்டார், யார் சம்பளம் கொடுக்கா, வருசம் பூரா சோலி உண்டா, உடம்புக்கு என்ன சிரமம். இந்த மூணாவது கேள்வியை விட்டுராதீங்க. காத்து சீசன் மே மாசத்துலருந்து செப்டம்பர் வரைக்கும். பெரிய பராமரிப்பை எல்லாம் காத்து இல்லாத மாசத்துக்குத் தள்ளி வச்சிருவாங்க. நேர்ல கூட்டிட்டுப் போறதா இருந்தா பிப்ரவரி, மார்ச் பாருங்க, ஆட்கள் கீழ இருப்பாங்க, பேச நேரம் இருக்கும்.

காற்றாலை வேண்டாம்னா கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டை எடுங்க, இல்லேன்னா பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில எடுக்குற ஒரு எக்ஸ்ரேயை எடுங்க. நர்ஸ்னு சொல்ற பிள்ளைங்களுக்கு எக்ஸ்ரேதான் நல்லது. லேப், ரேடியாலஜி, டயாலிசிஸ், மயக்க மருந்து, ஆபரேசன் தியேட்டர்னு எத்தனை டெக்னீசியன் உண்டுன்னு அப்பதான் தெரியும்.

---

பாளை உளவியல் பதில்:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

இணையத்தில் சுற்றும் ஆர்வத் தேர்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த ஆறு வகைப் பகுப்பின் வழிவந்தவை: கைவேலை, ஆராய்ச்சி, கலை, மனிதரோடு பழகுதல், தொழில் நடத்துதல், ஒழுங்கான அலுவலகப் பணி. பகுப்பில் குறை இல்லை. குறை கேள்விகளில்தான். "ஆய்வகத்தில் வேலை செய்யப் பிடிக்குமா?" என்று கேட்டால், ஆய்வகத்தையே சரியாகப் பார்க்காத பிள்ளை எப்படிப் பதில் சொல்லும்? எதற்கும் "ஆம்" போடுவார்கள், டீச்சர் பார்க்கிறாரே என்று. முடிவில் எல்லா வகையிலும் ஒரே மதிப்பெண் வரும். அல்லது ஒரு வகை வந்து, "நீ கைவேலை டைப்" என்று வகுப்பில் பட்டப்பெயராகிவிடும். அது இன்னும் மோசம்.

அதற்குப் பதில் சீட்டுப் பிரிப்பு செய்யுங்கள். பழைய கேலண்டர் அட்டையில் 30 சீட்டு வெட்டுங்கள். ஒரு சீட்டுக்கு ஒரு வேலை, பெயருக்குக் கீழே அந்த ஆள் ஒரு நாளில் செய்வதை ஒரே வரியில். "ரேடியோகிராபர்: நோயாளியைச் சரியான கோணத்தில் படுக்க வைத்துப் படம் எடுப்பார், நாளெல்லாம் நின்றபடி வேலை" என்பது மாதிரி. முன் பதில் கொடுத்தவர் சொன்ன பட்டியலே பாதிச் சீட்டுக்கு வந்துவிடும். மீதியில் சம்பளம் குறைந்த வேலை, கிராமத்து வேலை, இரவுப்பணி எல்லாம் கலந்திருக்கட்டும். 38 பேருக்கு எட்டு செட் போதும், ஐந்தைந்து பேராக.

பிள்ளை சீட்டை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும்: பிடிக்கும், பிடிக்காது, தெரியாது. ஒரு குவியலில் 12-க்கு மேல் போகக்கூடாது. வரம்பு வைக்காவிட்டால் எல்லாம் "பிடிக்கும்" பக்கம் போகும். பிரித்த பிறகு "பிடிக்காது" குவியலிலிருந்து ஐந்தை எடுத்து ஏன் என்று ஐந்தாறு சொல்லில் எழுதச் சொல்லுங்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. "ரத்தம் பார்த்தா மயக்கம் வரும்" என்பது ஒரு காரணம். "வீட்ல விடமாட்டாங்க" என்பது வேறு காரணம். "எங்களுக்கெல்லாம் கிடைக்காது" என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள், ஒன்றாகக் கலக்காதீர்கள்.

தொழில் தேர்வு பற்றி ஆராய்ந்த லிண்டா காட்ஃப்ரெட்சன் 1981-இல் எழுதியது இதைத்தான். குழந்தைகள் முதலில் இது ஆண் வேலை, இது பெண் வேலை என்று கழிக்கிறார்கள். பிறகு நமக்கு எட்டாதது, நம் தரத்துக்குக் குறைந்தது என்று கழிக்கிறார்கள். தனக்கு ஆர்வம் உண்டா என்று யோசிப்பதே கடைசியில்தான். ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது முதல் இரண்டு கழித்தலும் முடிந்திருக்கும். ஆர்வத் தேர்வு வைத்தால் மிச்சம் இருப்பதைத்தான் அளக்கும்.

"தெரியாது" குவியல் பெரிதாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். அடுத்த இரண்டு மாதத்துக்கான பாடம் அதிலிருந்து வரும்.

---

பேட்டைப் பட்டறை பதில்:

வெளியாள் விசயத்துக்கு வாறேன். ஒரு மணி நேரம் மைக் கொடுத்தா யாரா இருந்தாலும் "கஷ்டப்பட்டேன், ஜெயிச்சேன்"னுதான் பேசுவாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, மைக்கோட குணம் அது. அதனால மைக்கையும் மேடையையும் எடுத்துருங்க.

நாலு பேரைக் கூப்பிடுங்க. பெரிய ஆள் வேண்டாம், ஊர்க்காரங்களே போதும். மின்வாரிய லைன்மேன், மெடிக்கல் ஷாப் பார்மசிஸ்ட், ஜே.சி.பி. ஓட்டுறவர், பேங்க்ல கிளார்க்கா இருக்க ஒரு அக்கா. ஆளுக்கொரு மூலையில பெஞ்சு. பிள்ளைங்க நாலு குழு. எட்டு நிமிசத்துக்கு ஒரு மணி, அடுத்த மூலைக்கு மாறணும். நாலு எட்டு முப்பத்திரண்டு, உக்காரவும் மாறவும் மீதி எட்டு நிமிசம். சரியா ஒரு பீரியடு.

வாறவங்ககிட்ட ஒரே ஒரு நிபந்தனை: தினமும் புழங்குற ஒரு பொருளைக் கொண்டு வரணும். லைன்மேன் ரப்பர் கையுறை கொண்டு வந்தா, அதைப் போடுறதுக்கு முன்னால மணிக்கட்டுப் பக்கம் சுருட்டிக் காத்தை உள்ள அடைச்சு, ஓட்டை இருக்கான்னு அமுக்கிப் பாப்பார். அதைப் பிள்ளைங்க கையாலயே செய்யச் சொல்லணும். ஊசிமுனை ஓட்டைக்கு உயிர் போகும்ங்கிறது சொற்பொழிவுல ஏறாது, அந்தக் கையுறை ஏத்தும்.

கேள்வியை முந்தின வாரமே எழுத வச்சுருங்க, இல்லேன்னா எட்டு நிமிசமும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு இருப்பாங்க. "சம்பளம் எவ்வளவு"ன்னு நேரடியாக் கேட்டா பொய் வரும், இல்லேன்னா கோவம் வரும். "நல்ல மாசம் எவ்வளவு கைக்கு வரும், மோசமான மாசம் எவ்வளவு"ன்னு கேக்கச் சொல்லுங்க. மத்தபடி நேத்து காலையிலருந்து ராத்திரி வரை என்ன செஞ்சீங்க, முதல் வேலை யார் மூலமாக் கிடைச்சுது, எது சலிப்பா இருக்கும், பத்தாங்கிளாஸ்ல படிச்சதுல எது இன்னும் உதவுது. போதும்.

பட்டறைக்கோ கம்பெனிக்கோ கூட்டிட்டுப் போறதா இருந்தா: தலைமை ஆசிரியர் கடிதம், பெற்றோர் கையெழுத்து, மாவட்டக் கல்வி அலுவலக அனுமதி மூணும் வேணும். ஒரு ஆசிரியருக்கு 15 பிள்ளைக்கு மேல போகாதீங்க. செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வரச் சொல்லுங்க. துப்பட்டாவைக் குறுக்கக் கட்டிப் பின்னால முடிச்சுப் போடணும், பின்னலைச் சுருட்டிக் கொண்டை போடணும். லேத்துலயும் டிரில்லுலயும் மாட்டுறது இது ரெண்டும்தான். வெல்டிங் பொறியை வெறுங்கண்ணால பாக்க விடாதீங்க, சாயங்காலம் கண்ணுல மண்ணைப் போட்ட மாதிரி உறுத்தும், அடுத்த வருசம் எந்தப் பெத்தவங்களும் கையெழுத்துப் போட மாட்டாங்க. பிள்ளைங்க எந்த இயந்திரத்தையும் இயக்கக்கூடாது, பாக்க மட்டும்தான். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்களை அபாயகரமான வேலையில ஈடுபடுத்துறது, குழந்தைத் தொழிலாளர் சட்டத்துல 2016-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் குத்தம்.

பேட்டை, அம்பாசமுத்திரம் ரெண்டு இடத்துலயும் அரசு ஐ.டி.ஐ. இருக்கு. உங்களுக்கு அம்பைதான் பக்கம். முன்கூட்டியே எழுதிக் கேட்டா அனுமதிப்பாங்க. "மார்க் எடுக்காதவன்தான் ஐ.டி.ஐ."ங்கிற பேச்சைப் பிள்ளைங்க மனசுல முதல்ல போடுறது பல நேரம் வாத்தியார்மாருதான். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்துலயும் கூடங்குளத்துலயும் டெக்னீசியன் வேலைக்கு ஐ.டி.ஐ. முடிச்சவங்களை எடுக்காங்கன்னு அந்த ஆசிரியர் அறையில ஒட்டி வைங்க.

---

குரூப் கணக்கு பதில்:

பட்டியல் விரிந்த பிறகு எந்த வேலைக்கு எந்தக் கதவு என்று காட்டாவிட்டால் விரித்தது வீண். சுவரில் ஒரு சார்ட் ஒட்டுங்கள். வேலையை வலது ஓரத்தில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கிப் பத்தாம் வகுப்பு வரை வர வேண்டும். முன்னோக்கி வரைந்தால் "ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தா எல்லாம் திறந்திருக்கும்" என்ற பழைய பல்லவியில்தான் முடியும்.

பிள்ளைகள் சொன்ன நாலையே முதலில் போடுங்கள். இரண்டாம் நிலைக் காவலர்: பத்தாம் வகுப்பு தேர்ச்சி, 18 வயது. உயரம் ஆண்களுக்கு 170 செ.மீ., பெண்களுக்கு 159. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167, 157. எஸ்.ஐ. என்றால் பட்டப்படிப்பு. பட்டதாரி ஆசிரியர்: ப்ளஸ் டூ, மூன்று வருடப் பட்டம், இரண்டு வருட பி.எட்., பிறகு தகுதித் தேர்வு. ஐந்து வருடம் என்று பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. பி.எஸ்சி. நர்சிங்: நான்கு வருடம், ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல். கலெக்டர்: ஏதாவது ஒரு பட்டம், 21 வயது, யு.பி.எஸ்.சி. தேர்வு. எந்த குரூப் எடுத்தாலும் இந்தக் கதவு மூடாது.

மூடுகிற கதவைத்தான் சிவப்பு மையில் எழுத வேண்டும். காமர்ஸ் எடுத்தால் பொறியியல், பி.எஸ்சி. நர்சிங், பார்மசி மூடும். சட்டம், சி.ஏ., டி.என்.பி.எஸ்.சி. திறந்தே இருக்கும். கணிதம் இல்லாத அறிவியல் குரூப் எடுத்தால் பொறியியலும் கட்டடக்கலையும் மூடும், ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் என்.டி.ஏ.வில் கடற்படை, விமானப்படை மூடும், தரைப்படைக்குப் போகலாம். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரிக்கும் நீட் வேண்டும், பலர் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்தான்.

மூடிய பிறகும் திறக்கிற பக்கவாசல் உண்டு. இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு, டிப்ளமோ முடித்தால் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு. இதை வேறு நிறத்தில் வரையுங்கள்.

இன்னொன்று, மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அரசு உதவி பெறும் பள்ளிக்கு அது கிடையாது. நம் மாவட்டத்தில் பெயர்பெற்ற பழைய பள்ளிகள் பல உதவி பெறுபவை. பத்து முடித்ததும் "டவுன்ல பெரிய ஸ்கூல்" என்று சேர்க்கப் போகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் டி.சி. கொடுக்காதீர்கள்.

நிறக்குருடு பற்றி யாரும் பேசுவதில்லை. ரயில் லோகோ பைலட், வணிகக் கப்பல் இரண்டுக்கும் நிறப்பார்வை கட்டாயம். படிப்புக்குப் பணம் கட்டிய பிறகு மருத்துவச் சோதனையில் தெரிந்தால் பணமும் போச்சு, வருடமும் போச்சு. இந்தத் துறை கேட்கிற பிள்ளையை மட்டும் முன்கூட்டியே கண் ஆஸ்பத்திரியில் பார்த்துவரச் சொல்லுங்கள். நிறப்பார்வையைச் சோதிக்கும் வண்ணப் புள்ளிப் படமான இஷிஹாராவைக் கலர் ஜெராக்ஸ் எடுத்தோ போனில் காட்டியோ வகுப்பில் வைத்துச் சோதிக்க வேண்டாம். நிறம் மாறி அச்சாகும், முடிவு தப்பாக வரும், கூடவே கேலியும் வரும்.

---

சேரன்மாதேவி டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. சீட்டுப் பிரிப்பை வைத்துப் பார்த்தேன். பெண் பிள்ளைகளில் பாதிக்கு மேல் எலக்ட்ரீசியன், சர்வேயர், டெக்னீசியன் எல்லாவற்றுக்கும் "விடமாட்டாங்க" என்றே எழுதியிருக்கிறார்கள். இதை வகுப்பில் பேசித் தீர்க்க முடியாதே. பெற்றோரைக் கூப்பிட்டால் கூலி போகும் என்று வருவதில்லை. என்ன செய்யலாம்?

---

பொருநைக்காரன்:

டீச்சர், பகல்ல வச்சா வரமாட்டாங்கதான். பீடி சுத்துறவங்க இலை வாங்கவும் சுத்தினதைக் கொடுக்கவும் கடைக்குப் போற நேரம்னு ஒண்ணு உண்டு, அதைப் பிள்ளைங்ககிட்டயே விசாரிச்சுக்கோங்க. அந்த நேரத்தை விட்டுட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வைங்க, முக்கால் மணி நேரம் போதும். பள்ளிக்கூடத்தைவிடத் தெருவுல உள்ள சமுதாயக் கூடம் நல்லது. புத்திமதி சொல்லாம ஒரே ஒரு காகிதத்தை நிரப்புங்க, பேச்சு தானா வரும்.

அந்தக் காகிதம் செலவுக் கணக்கு. நெட்டுக்கு ரெண்டு பாதை, உதாரணத்துக்கு ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியனும் பி.ஏ.வும். படுக்கைக்கு வருசம் ஒண்ணுலருந்து அஞ்சு. ஒவ்வொரு கட்டத்துலயும் போறது, வாறது ரெண்டும் எழுதணும்: கட்டணம், பஸ், சாப்பாடு, கருவி, தேர்வுக் கட்டணம், கைக்கு வார உதவித்தொகை, சம்பளம். அரசு ஐ.டி.ஐ.யில பயிற்சிக் கட்டணம் இல்ல, மாசம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில படிச்ச பெண்பிள்ளைக்கு மேல்படிப்பு முடியிற வரை புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய், அது ஐ.டி.ஐ., டிப்ளமோவுக்கும் உண்டு. அரசு சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் காசு இல்ல, ஆனா வெளியூர் போற மப்சல் பஸ்ஸுக்கு உண்டு. எந்த வழித்தடத்துல எந்த பஸ் ஓடுதுன்னு பாத்து எழுதுங்க. பிள்ளைங்க கணக்குப் பாடத்துலயே இதைப் போட்டுட்டு வந்து அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும்.

"விடமாட்டாங்க"ங்கிறதுக்குள்ள பெரும்பாலும் மூணு பயம்தான்: ராத்திரி எப்படித் திரும்பி வருவா, ஆம்பிளைங்க நடுவுல தனியாவா, கல்யாணத்துக்கு இடைஞ்சலா வருமா. முதல் ரெண்டுக்கும் பதில் உண்டு. தொழிற்சாலையில எந்த ஷிப்ட், கம்பெனி பஸ் எந்த ஊர் வரைக்கும் வரும், எத்தனை பொண்ணுங்க வேலை பாக்காங்கன்னு விசாரிச்சுச் சொல்லலாம். கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் வேலை பாக்குற ஒரு பொண்ணையும் அவங்க அம்மாவையும் சேர்த்து அழைச்சிட்டு வந்தா இன்னும் நல்லது. பொண்ணு பேசுறதைவிட அந்த அம்மா பேசுறதைத்தான் கேப்பாங்க. மூணாவதுக்கு நீங்க பதில் சொல்லப் போகாதீங்க, அதையும் அந்த அம்மாகிட்டயே விட்டுருங்க.

---

பாளை உளவியல்:

ஒரு சின்ன சேர்க்கை. "விடமாட்டாங்க" என்று எழுதிய சீட்டுகளைப் பெற்றோரிடம் காட்டாதீர்கள், யார் எழுதியது என்று கையெழுத்திலேயே தெரிந்துவிடும். எத்தனை பேர் என்ற எண்ணை மட்டும் சொல்லுங்கள். சீட்டுப் பிரிப்பைப் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் இன்னொரு முறை அதே பிள்ளைகளுக்கு வையுங்கள், முதல் முறை எழுதியதைக் காட்டாமல். குவியல் மாறியிருக்கும் பிள்ளையோடு தனியாக ஐந்து நிமிடம் பேசினால் போதும். மாறாத பிள்ளைக்கு குரூப் சார்ட்டில் அந்த வேலையின் வரியைத் தேடி எடுத்து, விண்ணப்பத் தேதியோடு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.